நூறு வாட் நியாயம்

மின்சார விஷயம் என்றால் நமது நேயர்களில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். வோல்ட், வாட் என்ற பதங்களைக் கண்ட மாத்திரத்தில் பரீட்சை மண்டபத்தின் ஞாபகம் வந்துவிடுகிறது. என்றபோதிலும், இந்த வாரம் ஒரு பொறியியல் பேராசிரியரின் ஆராய்ச்சியைப் பற்றித்தான் எழுதத் துணிந்திருக்கிறோம். மின்சாரம் போதாமற் போகும் சமயங்களில் யார் வெளிச்சத்தில் இருப்பது, யார் இருட்டில் உட்காருவது என்று ஒரு கேள்வி உண்டு. சாதாரணமாக இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. சப்-ஸ்டேஷனில் ஒருவர் விசையைத் தள்ளுகிறார். கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஸ்ரீ அசோக் ஜுன்ஜுன்வாலா அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டவர். அவரும் அவருடைய சகாக்களும் அதற்குக் கண்ட விடை நமது தேசத்துக்கு மிகவும் ஏற்றது என்பது நமது அபிப்பிராயம். அந்த விடை இன்றும் பெரும்பாலும் அலமாரியிலேயே இருக்கிறது என்பது நமது வருத்தம்.

2012-ஆம் வருஷத்தைத் தமிழ் நாட்டார் அவ்வளவு சீக்கிரத்தில் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நமக்கு வேண்டியிருந்த மின்சாரம் ஏறக்குறைய 12,000 மெகாவாட். அதில் குறைவாயிருந்தது ஏறக்குறைய 4,000 மெகாவாட். அதாவது மூன்றில் ஒரு பங்கு இல்லை. இல்லாமையை எப்படிப் பங்கிட்டார்கள்? சென்னை நகரத்துக்குத் தினம் இரண்டு மணி நேரம் வெட்டு. நகரத்தின் எல்லையைத் தாண்டினால், அவ்வருஷக் கடைசியில், 12 மணி நேரம், 14 மணி நேரம், சில இடங்களில் 16 மணி நேரம் வரையில் வெட்டு. தலைநகரத்தில் வசிப்பவருடைய கண்ணுக்கு வெளிச்சம் அதிகம் தேவை, கிராமத்தாருடைய கண்ணுக்குக் கொஞ்சம் போதும் என்று எந்த வைத்திய சாஸ்திரத்திலும் சொல்லியிருப்பதாக நாம் அறியோம். கோயமுத்தூர் சிறு பட்டறைக்காரர்கள் வாங்கிய ஆர்டரை முடிக்க முடியாமல் திண்டாடினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாடம் படித்தார்கள். கையில் பணம் இருந்தவர்கள் பாட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கி வீட்டில் வைத்துக் கொண்டார்கள். இல்லாதவர்கள் பனை விசிறியைத் தேடி எடுத்தார்கள்.

யாரோ ஓர் அதிகாரியின் கல்நெஞ்சத்தால் நேர்ந்ததல்ல இது. வெட்டு என்ற முறையின் சுபாவமே அப்படி. விசைக்கு இரண்டு நிலைதான் தெரியும்: எல்லாம் உண்டு, அல்லது ஒன்றுமே இல்லை. பத்துப் பேருக்கு ஏழு பேரின் சாப்பாடுதான் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். எந்த வீட்டிலும் ஏழு பேருக்கு வயிறு நிறையப் போட்டுவிட்டு மூன்று பேரைப் பட்டினி போடமாட்டார்கள். எல்லாருக்கும் ஒரு கரண்டி குறைத்துப் போடுவார்கள். அந்தச் சாமானிய அறிவு கம்பிக்கு வாய்க்கவில்லை.

அதே 2012-ல் வடக்கே நடந்தது இதைவிடப் பெரிய விபரீதம். ஜூலை 30-ந் தேதி அதிகாலை 2 மணி 33 நிமிஷத்துக்கு, மத்தியப் பிரதேசத்தில் பீனாவிலிருந்து குவாலியருக்குப் போகும் 400 கிலோவோல்ட் கம்பி அறுபட்டதுபோல் விலகிக் கொண்டது. உண்மையில் அது அறுபடவில்லை, அதன்மேல் மரம் விழவில்லை, இடியும் விழவில்லை. மழை பொய்த்த அவ்வருஷத்தில் வடநாட்டு வயல்களில் இரவெல்லாம் பம்புகள் ஓடிக் கொண்டிருந்தன. பக்கத்துக் கம்பிகள் சில பழுது பார்ப்பதற்காகவும் பிற காரணங்களாலும் ஓய்வில் இருந்தன. எஞ்சிய கம்பியின் மீது பாரம் ஏறிக் கொண்டே போயிற்று. கம்பியைக் காப்பதற்கென்று ‘ரிலே’ என்னும் காவல் கருவி ஒன்று உண்டு. அளவு மீறிய பாரத்தைக் கண்ட அந்தக் காவற்காரன், திருடன்தான் வந்துவிட்டான் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டான். ஒரு கதவு சாத்தியதும் பாரம் அடுத்த கதவுக்குப் போயிற்று. அதுவும் சாத்திக் கொண்டது. சில விநாடிகளில் வட பிராந்தியம் முழுவதும் இருளில் ஆழ்ந்தது. மறுநாள் பிற்பகல் ஒரு மணிக்கு மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து வீழ்ந்தன. அறுபது கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் பிரதேசம்! ரயில்கள் நடுவழியில் நின்றன. வங்காளத்து நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கிய தொழிலாளிகள் மேலே வர வழியின்றிப் பூமிக்கடியில் காத்திருந்தார்கள்.

தென்னாடு தப்பியது. இதில் நமது கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் தெற்கை மற்றப் பிராந்தியங்களுடன் பிணைத்திருந்தவை டி.ஸி. இணைப்புகள். அவை மின்சாரத்தைக் கொண்டு வரும்; ஆனால் அங்கே ஒருவன் இடறினால் இங்கே இருப்பவனையும் சேர்த்து இழுத்துத் தள்ளமாட்டா. இந்த டி.ஸி. என்ற பேர்வழியை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நமது பேராசிரியரின் கதையில் இவன்தான் கதாநாயகன்.

இடறுவது, இழுத்துத் தள்ளுவது என்றெல்லாம் சொல்கிறோமே, அது என்ன? மின்வலை என்பது ஓர் அதிசயமான வண்டி. நூற்றுக்கணக்கான மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டி, எல்லா மாடுகளும் ஒரே தாளத்தில் கால் வைக்க வேண்டும் என்று விதித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் தேசத்திலுள்ள மின்சார யந்திரங்கள் எல்லாம் விநாடிக்கு 50 சுற்று என்ற தாளத்தில் கால் வைத்து நடக்கின்றன. பாரம் ஏறினால் தாளம் தளரும். பாரம் குறைந்தால் தாளம் துரிதப்படும். இரண்டும் ஆபத்து. 2020 ஏப்ரல் 5-ந் தேதி இரவு 9 மணிக்கு, பிரதமரின் வேண்டுகோளின்படி தேசமெங்கும் ஒன்பது நிமிஷம் வீட்டு விளக்குகளை அணைத்தார்களே, அப்போது சில நிமிஷங்களில் சுமார் 31,000 மெகாவாட் பாரம் வண்டியிலிருந்து இறங்கிவிட்டது. பிறகு அவ்வளவும் திரும்ப ஏறிற்று. நீர்மின்சார நிலையங்களை வேகமாக இறக்கியும் ஏற்றியும் நமது என்ஜினியர்கள் தாளம் தவறாமல் காப்பாற்றினார்கள். விளக்கு அணைத்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. இந்த என்ஜினியர்களைப் பற்றிக் கொஞ்சந்தான் எழுதின. அவர்களை இந்தப் பக்கத்தில் வாழ்த்துகிறோம்.

இனி நமது பேராசிரியரிடம் வருவோம். ஸ்ரீ ஜுன்ஜுன்வாலா கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் மெயின் ஸர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, அங்கே சிறிது காலம் கல்லூரியில் போதித்துவிட்டு, 1981-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். டெலிபோன்தான் அவருடைய ஆதித் துறை. கிராமங்களுக்குக் கம்பியில்லாமல் மலிவாக டெலிபோன் இணைப்புக் கொடுக்கும் ‘கார்டெக்ட்’ என்ற முறையை அவருடைய குழுவினர் சென்னையிலேயே உருவாக்கினார்கள். 2002-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. டெலிபோன்காரருக்கு மின்சாரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். பழைய நாளில் ஊரெல்லாம் இருட்டாயிருக்கும்போதும் டெலிபோன் மாத்திரம் மணி அடித்துக் கொண்டிருக்குமே, அது எதனால் என்று நேயர்கள் யோசித்ததுண்டா? டெலிபோன் நிலையத்தில் ஒரு பெரிய பாட்டரி வரிசை இருந்தது. அதிலிருந்து 48 வோல்ட் டி.ஸி. மின்சாரம் கம்பி வழியாக வீட்டுக்கு வந்தது. ஊர் மின்சாரம் போனால் டெலிபோனுக்கு ஒன்றும் ஆகாது. மின்சாரக்காரர்களுக்குத் தோன்றாத ஒரு யோசனை டெலிபோன்காரருக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லையென்றே நமக்குப் படுகிறது.

யோசனை இதுதான். ஊருக்கு மின்சாரம் போதவில்லையா? முழுக்க வெட்டாதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் 100 வாட் மட்டும் எப்போதும் விட்டு வையுங்கள். அந்த நூறு வாட்டை 48 வோல்ட் டி.ஸி.யாக, வீட்டிலே தனியாக ஒரு கம்பியில் கொடுங்கள். குளிர்சாதனப் பெட்டி நிற்கட்டும். மாவரைக்கும் யந்திரம் நிற்கட்டும். விளக்கும் விசிறியும் நிற்க வேண்டாம்.

நூறு வாட்டில் என்ன ஆகும் என்று அலட்சியமாகக் கேட்கக் கூடாது. இழை எரியும் பழைய பல்பு ஒன்றே 60 வாட் தின்று கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது 9 வாட் எல்.இ.டி. விளக்கு அதைவிட நன்றாக எரிகிறது. பழைய கூரை விசிறிக்கு 75 வாட் வேண்டும்; பி.எல்.டி.ஸி. என்னும் புது மாதிரி மோட்டார் வைத்த விசிறிக்கு 30 வாட் போதும். இரண்டு விசிறி, மூன்று விளக்கு, கைப்பேசிக்குச் சிறிது — நூறு வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு கோடி வீடுகளுக்கு இப்படிக் கொடுத்தாலும் மொத்தம் 1,000 மெகாவாட். 2012-ல் தமிழ் நாட்டின் கையிலிருந்த சுமார் 8,000 மெகாவாட்டில் இது எட்டில் ஒரு பங்கு. அந்த எட்டில் ஒரு பங்கை எடுத்து வைத்திருந்தால் ஒரு கோடிக் குடும்பங்கள் ஒரு நாளும் முழு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இந்தச் சிறு பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், நமக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

ஒரே கம்பியில் இதை எப்படிச் செய்வது? இங்கேதான் ஆராய்ச்சியின் சாமர்த்தியம் இருக்கிறது. அப்போது ஐ.ஐ.டி.யின் டைரக்டராக இருந்த ஸ்ரீ பாஸ்கர் ராமமூர்த்தியும் வேறு சில ஆசிரியர்களும் இதில் ஈடுபட்டிருந்தார்கள். சப்-ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் புறப்படும் கம்பியில் சாதாரணமாக 11,000 வோல்ட் அழுத்தம் இருக்கும். தட்டுப்பாடு நேரும்போது விசையைத் தள்ளுவதற்குப் பதிலாக அந்த அழுத்தத்தைச் சுமார் 4,200 வோல்ட்டுக்கு இறக்கிவிடுவது. அப்படி இறக்கினால் வீட்டு வாசலுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 90 வோல்ட் சுமாருக்கு வந்து சேரும். வீட்டில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. “ஓகோ, தட்டுப்பாட்டுக் காலம் வந்துவிட்டது” என்று அந்தப் பெட்டி இந்தக் குறைந்த அழுத்தத்தைக் கொண்டே அறிந்து கொள்கிறது. உடனே பெரிய சாமான்களுக்குப் போகும் ஏ.ஸி. கம்பியை மூடிவிட்டு, டி.ஸி. கம்பிக்கு மட்டும் நூறு வாட் அனுப்புகிறது. யாராவது அதிகம் இழுத்தால் தானே அடைத்துக் கொள்கிறது. சேதி சொல்லத் தனியாகத் தந்தியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். கம்பியின் அழுத்தமே சேதி. சில மாகாணங்களில் இதைப் பரீட்சார்த்தமாக நடத்தியும் பார்த்தார்கள். 2017-ல் இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் 48 வோல்ட் டி.ஸி. முறைக்கென்று வழிகாட்டும் விதிகளையும் வெளியிட்டது.

டி.ஸி.தான் வேண்டுமென்று ஏன் பிடிவாதம்? மின்சார சாஸ்திரத்தின் ஆரம்பத்தில் இந்த இரண்டுக்கும் பெரிய யுத்தமே நடந்திருக்கிறது. 1882-ல் நியூயார்க் நகரத்தில் எடிஸன் விளக்கேற்றியது டி.ஸி. மின்சாரத்தால். வெகு தூரத்துக்கு அனுப்புவதற்கு ஏ.ஸி.யே சௌகரியம் என்று டெஸ்லாவும் வெஸ்டிங்ஹவுஸும் காட்டினார்கள். 1896-ல் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் பபலோ நகரத்தை அடைந்ததோடு எடிஸன் கட்சி தோற்றது. நமது பைகாரா 1932-ல் வேலை தொடங்கியபோது இந்த வழக்கு எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. ஆனால் காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். சூரியத் தகடு கொடுப்பது டி.ஸி. பாட்டரி வாங்குவதும் கொடுப்பதும் டி.ஸி. எல்.இ.டி. விளக்கு, புது விசிறி, கைப்பேசி, கம்ப்யூட்டர் எல்லாம் உள்ளுக்குள் தின்பது டி.ஸி. கூரைமேல் பிறக்கும் டி.ஸி.யை ஏ.ஸி.யாக மாற்றி, சுவருக்குள் ஓட்டி, விளக்கின் கழுத்திலே மறுபடி டி.ஸி.யாக மாற்றுகிறோம். இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. சிறு கருவிகளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நூற்றுக்கு ஏழு முதல் பதினைந்து வரை நஷ்டம். பெரிய மாளிகைக்கு அது பெரிதில்லை. நூறு வாட்டில் குடும்பம் நடத்துகிறவனுக்கு அது பெரிது.

இதை நிரூபித்துக் காட்ட அவர்கள் போன இடம் ராஜஸ்தானத்துப் பாலைவனம். ஜோத்பூர், ஜெய்ஸல்மேர் ஜில்லாக்களில் மணல்மேடுகளுக்கு நடுவே ‘தாணி’ என்று சொல்லும் சிற்றூர்கள் இருக்கின்றன. சிற்றூர் என்பதுகூட அதிகம். இங்கே இரண்டு வீடு, அரை மைல் தள்ளி மூன்று வீடு. கம்பம் நட்டுக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு போனால் கட்டுப்படியாகாது. அந்த மாதிரி வீடுகள் சுமார் 4,000-க்கு இந்தத் திட்டம் வகுக்கப்பட்டது. கூரையில் 125 வாட் சூரியத் தகடு ஒன்று, உள்ளே ஒரு யூனிட் மின்சாரம் கொள்ளும் பாட்டரி, இன்வெர்ட்டர் கிடையாது. ஒரு விசிறி, ஒரு குழல் விளக்கு, ஒரு பல்பு, கைப்பேசிக்கு ஒரு துளை. இவ்வளவுதான் சீதனம். கோடையில் அந்தப் பிரதேசத்து வெயில் எப்படி இருக்கும் என்று அறிந்தவர்களுக்கு, பகலில் குழந்தையின் தொட்டிலுக்கு மேல் ஒரு விசிறி சுற்றுவதின் அருமை தெரியும். தேளும் பாம்பும் நடமாடும் மணலில், இரவில் வாசலில் எரியும் விளக்கின் அருமையும் தெரியும். இத்தனைக்கும் பெரிய மின்வலையிலிருந்து அந்த வீடுகளுக்கு ஒரு நூல் கம்பியும் வரவில்லை.

இவ்வளவு நல்ல யோசனை ஏன் பரவவில்லை? இந்தக் கேள்விக்குச் சர்க்காரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். பத்திரிகைக்காரர்களுக்கு அது பழக்கமுங்கூட. ஆனால் நியாயமான இடைஞ்சல்கள் இருக்கின்றன. அழுத்தத்தை 4,200-க்கு இறக்கும் வித்தை, அந்தக் கம்பியிலுள்ள எல்லா வீடுகளிலும் பெட்டி வைத்தால்தான் பலிக்கும். பத்து வீட்டில் பெட்டி இல்லாவிட்டால், அந்தப் பத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளும் பம்புகளும் 90 வோல்ட்டில் திணறிப் புகைந்துவிடும். ஆகையால் துளித் துளியாகத் தொடங்க முடியாது. ஒரு சப்-ஸ்டேஷன் கம்பி முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றியாக வேண்டும். வீட்டில் இன்னொரு கம்பி ஓட்ட வேண்டும். டி.ஸி. விசிறி, டி.ஸி. விளக்கு கடையில் எளிதில் கிடைக்க வேண்டும். கடைக்காரர், கேட்பவர் இல்லையே என்கிறார். வீட்டுக்காரர், விற்பவர் இல்லையே என்கிறார். பாட்டரிக்கோ ஆயுள் சில வருஷமே. பாலைவனத்து ஏழைக்கு அதை மாற்றித் தருவது யார் என்பதும் தீர்க்க வேண்டிய கேள்வி.

இவற்றைவிடப் பெரிய இடைஞ்சல் வேறொன்று வந்து சேர்ந்தது. அது நல்லகாலம்! 2013 டிசம்பர் 31-ந் தேதி ரெய்ச்சூர்–ஷோலாப்பூர் கம்பி மூலம் தென்னாடும் மற்றப் பிராந்தியங்களுடன் தாளம் சேர்ந்தது. தேசம் முழுவதும் ஒரே மின்வலையாயிற்று. புது மின்சார நிலையங்கள் வந்தன. சூரியத் தகடுகளும் காற்றாடிகளும் பெருகின. 2017-ல் தொடங்கிய ‘ஸௌபாக்யா’ திட்டத்தில் இரண்டே முக்கால் கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இணைப்புக் கிடைத்தது. தினம் பதினான்கு மணி வெட்டு என்ற அவஸ்தை மறைந்தது. இதற்காக மகிழாதவர் தேசாபிமானி ஆகமாட்டார். ஆனால் கூரை ஒழுகாத மாதத்தில் ஓடு மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மின்வலை பெரிதாவதால் பலம் கூடுகிறது. விழுந்தால் விழுகிற பரப்பும் கூடுகிறது. 2025 ஏப்ரல் 28-ந் தேதி நடுப்பகல் 12 மணி 33 நிமிஷத்துக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒருங்கே இருண்டன. செல்வ தேசங்கள்; வெயிலோ கொளுத்திக் கொண்டிருந்தது; சூரியத் தகடுகளுக்குக் குறைவேயில்லை. அங்கே மின்சாரம் போதாமல் போகவில்லை. அழுத்தம் கட்டுக்கு அடங்காமல் மேலே ஏறி, ஒவ்வொரு நிலையமாய் விலகிக் கொள்ள, சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது. நீர்மின்சார நிலையங்களைக் கொண்டும், பிரான்ஸ், மொராக்கோ ஆகிய அண்டை நாடுகளின் உதவியைக் கொண்டும் மறுநாள் காலைக்குள் மீட்டார்கள். சூரிய மின்சாரமே கூடாது என்று சிலர் இதிலிருந்து பாடம் படிக்கிறார்கள். நமக்கு அது சம்மதமில்லை. குதிரை முரடு என்பதற்காகக் கழுதைக்குத் திரும்ப வேண்டியதில்லை. கடிவாளம் சரியாக இருக்க வேண்டும்.

கடிவாளம் எங்கே இல்லை என்பதற்கு நமது நாட்டிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரியத் தகடு வைக்கத் திட்டம் தொடங்கினார்கள். மிகவும் நல்ல காரியம். ஆனால் பாட்டரியின்றி மின்வலையோடு மட்டும் இணைத்த சாதாரணத் தகடு, தெருவில் கரண்டு போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தின் மேல் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளிக்கு உங்கள் கூரை மின்சாரம் யமனாகிவிடக் கூடாது என்பதற்காக அப்படி விதித்திருக்கிறார்கள், விதி சரியானதே. பலன் என்னவென்றால், பட்டப்பகலில், தலைக்கு மேல் மூவாயிரம் வாட் வெயிலை வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் விசிறியில்லாமல் வியர்த்துக் கொண்டிருக்கிறார். பணம் போட்டுத் தகடு வாங்கிய அன்பர்கள் பலர் முதல் வெட்டின்போதுதான் இதைத் தெரிந்து கொள்கிறார்கள். பேராசிரியரின் சிறு பெட்டியும், சிறு பாட்டரியும், 48 வோல்ட் கம்பியும் இருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை. அந்த மின்சாரம் வீட்டுக்குள்ளேயே சுற்றும்; தெருக் கம்பிக்குப் போகாது; மின்வாரியத் தொழிலாளிக்கும் அபாயமில்லை.

புயலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. சுமார் ஒரு லட்சம் மின்சாரக் கம்பங்கள் சாய்ந்தன. வேறு ஜில்லாக்களிலிருந்தும் வெளி மாகாணங்களிலிருந்தும் வந்த மின்வாரிய ஊழியர்கள் சேற்றிலும் மழையிலும் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் உட்கிராமங்கள் சில வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. தென்னை போயிற்று, வீடு போயிற்று. உறவினருக்கு உயிரோடிருக்கிறோம் என்று சொல்லக் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற வழியில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் காசு கொடுத்துச் சார்ஜ் ஏற்றிக் கொண்ட ஏழைகள் உண்டு. அப்போது வீட்டுக்கு வீடு நூறு வாட் இருந்திருந்தால்? கூரையோடு தகடும் பறந்திருக்கும் என்று ஒருவர் சொல்லலாம். சில வீடுகளில் பறந்துதான் இருக்கும். தெருவில் நாலு வீட்டில் தப்பியிருந்தாலும் அந்தத் தெரு ஊமையாகியிராது. 2012 ஜூலை 31-ந் தேதி கிழக்கிந்தியா முழுவதும் இருண்டபோது, கல்கத்தா மின்சாரக் கம்பெனியின் பகுதி மட்டும் தனித் தீவாகப் பிரிந்து எரிந்து கொண்டிருந்தது. ஒரு நகரம் செய்யக் கூடியதைச் சிறிய அளவில் ஒரு தெரு செய்ய முடியும். ஒரு வீடும் செய்ய முடியும்.

ஆகவே நமது மின்வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம். தமிழ் நாடு முழுவதும் நாளைக்கே மாற்றுங்கள் என்று நாம் கேட்கவில்லை. வேதாரண்யம் தாலுகாவில் கடற்கரை ஓரமாக ஒரு சப்-ஸ்டேஷனை எடுத்துக் கொள்ளுங்கள். அதிலிருந்து புறப்படும் கம்பிகளில் ஒன்றே ஒன்றைப் பொறுக்குங்கள்; ஆயிரம் வீடு இருந்தால் போதும். எல்லா வீட்டுக்கும் அந்தச் சிறு பெட்டி, ஒரு டி.ஸி. விசிறி, இரண்டு விளக்கு, பஞ்சாயத்துக் கட்டடத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தகடும் பாட்டரியும் வையுங்கள். பெட்டிக்கு என்ன செலவாயிற்று, பாட்டரி எத்தனை நாள் தாங்கிற்று, ஜனங்கள் என்ன குறை சொன்னார்கள் என்பதை எல்லாம் ஒளிக்காமல் பிரசுரம் செய்யுங்கள். ஐ.ஐ.டி. சென்னையில்தான் இருக்கிறது, மின்வாரியத்தின் தலைமைக் காரியாலயமும் சென்னையில்தான் இருக்கிறது. அண்ணா சாலைக்கும் அடையாறுக்கும் பஸ் போகிறது. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் வேலையை ஆரம்பித்தால் அடுத்த புயலுக்குள் கணக்குத் தெரிந்துவிடும்.